அரை ஆளும் ஓர் ஆங்கில வார்த்தையும்

வெள்ளிமலையை விட்டு இறங்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே எனக்கும் மாமாவுக்கும் சண்டை வந்துவிட்டது. மாமாவின் தலையில் சாமை மூட்டை. என் கையில் ஒரு துணிப்பை, அதில் இருப்பதிலேயே நல்லதாக ஒரு சட்டை. பஸ் கிடையாது, ஜீப்பும் கிடையாது. கீழே மரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்துவிட்டார்கள், எதுவும் ஓடாது என்று முந்தின நாளே மலைக்குச் சேதி வந்துவிட்டது. இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்து ஊர்களெல்லாம் ரோட்டில் உட்கார்ந்த வருஷம் அது. ஆகவே நடந்தோம். நடப்பது எங்கள் இருவருக்கும் ஒரு பொருட்டில்லை. எரிச்சலைக் கிளப்பியது ஒரு வார்த்தை.

"அந்தக் கல்லு தெரிதா?" என்றார் மாமா. ரோட்டோரம் வெள்ளையடித்து நட்டிருந்த வனத்துறைக் கல்லைக் காட்டினார். "அதுக்கு அந்தாண்ட ரிசர்வு. உள்ள போயி ஒரு சுள்ளி ஒடிச்சின்னா கூட இஸ்துகினு போயி குந்த வச்சிருவான். அதான் ரிசர்வு."

"அது ரிசர்வு மாமா. எனக்கு வேண்டியது ரிசர்வேஷன்."

"வேஷன் அப்புறமா வரும். மொதல்ல ரிசர்வ புரிஞ்சிக்க."

மறுநாள் காலை பத்து மணிக்கு நான் கள்ளக்குறிச்சியில் இருக்க வேண்டும். அங்கே ஓர் உயர்நிலைப் பள்ளி, அதை ஒட்டி ஓர் இலவச விடுதி. விடுதியில் இருந்த ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் சாப்பாடு பிடிக்காமல் வருஷ நடுவில் ஊருக்கு ஓடிப்போய்விட்டான். சாப்பாடு பிடிக்கவில்லை என்று ஓடுகிற பையன்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த ஓர் இடத்துக்கு இரண்டு பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். அதில் ஒருவன் நான்.

அந்தப் பள்ளித் தலைமை ஆசிரியருக்கு ஒரு வழக்கம் இருந்தது. சேர வருகிற பையனிடம் பாடம் எதுவும் கேட்க மாட்டார். ஒரே ஓர் ஆங்கில வார்த்தையைச் சொல்லி, அதற்கு என்ன அர்த்தம், அது எங்கிருந்து வந்தது என்று கேட்பார். சொன்னால் இடம், சொல்லாவிட்டால் வீடு. இந்த முறை என்ன வார்த்தை கேட்பார் என்று எங்கள் ஊர் இங்கிலீஷ் வாத்தியார் ரொம்ப யோசித்துக் கண்டுபிடித்தார். தினம் பேப்பரில் வருகிற வார்த்தைதான் கேட்பார், சந்தேகமே வேண்டாம் என்றார். அர்த்தத்தை அவரே சொல்லிவிட்டார்: இட ஒதுக்கீடு. எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். வாத்தியார் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், கடைசியில் மெட்ராஸிலிருந்து என்றார். அது சரியான பதிலாக இருக்காது என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும். மலையில் உன் மாமா காட்டு பங்களாவில் சமையல் செய்தவராச்சே, பெரிய பெரிய ஆபீசர்களோடு பழகியவராச்சே, அவரைக் கேள் என்று கைகழுவிவிட்டார்.

அம்மாவும் நம்பி என்னை மலைக்கு அனுப்பினாள். அம்மாவுக்கு நான் அந்த விடுதியில் சேர்வதைத் தவிர வேறு யோசனையே அந்த நாட்களில் இல்லை. அப்பா கிணறு வெட்டப் போன இடத்தில், வெடி வைத்த பாறை சரிந்து அதோடு போய்விட்டார். அம்மா கரும்புக்குக் களையெடுக்கப் போவாள், கடலை பறிக்கப் போவாள். வேலை இருக்கிற மாதம் சாப்பிடுவோம், இல்லாத மாதம் குறைத்துச் சாப்பிடுவோம். எங்களுக்கென்று ஒரு துண்டு நிலமும், ஊர்ப் பொதுக் கிணற்றில் தண்ணீர் முறையும் இருந்தன. மற்றபடி விடுதியில் மூன்று வேளை என்பது எங்கள் வீட்டில் ஒரு கதை மாதிரி பேசப்பட்டது.

மாமா காட்டு பங்களாவில் ஆபீசர்களுக்குச் சமைத்தது உண்மை. அவர்களிடமிருந்து கற்றுக்கொண்ட ஆங்கிலம் ஆம்லெட், ஹாஃப் பாயில் என்ற அளவில் நின்றுவிட்டது என்பதும் உண்மை. ஆனால் தெரியாது என்று சொல்கிற வழக்கம் எங்கள் குடும்பத்து ஆண்களிடம் கிடையாது.

மலையடிவாரத்தில் ஒரு போலீஸ் லாரி நின்றுகொண்டிருந்தது. உள்ளே வேற்று மாவட்டத்துப் போலீஸ்காரர்கள், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தூங்கி வழிந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் இறங்கி மூட்டையில் என்ன என்று கேட்டார். மாமா அவிழ்த்துக் காட்டினார். அப்புறம், கேட்கவே வேண்டியதில்லாத ஒன்றைக் கேட்டார்.

"சார், நீங்க ரிசர்வ் போலீசுங்களா?"

"ஆமா. இன்னா இப்ப?"

"எம் மருமவன் பரீட்சைக்குப் போறான். ரிசர்வுன்னா இன்னான்னு கேட்டுகினே வரான். உங்களுக்குத் தெரியாததா?"

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். லாரியைத் திரும்பிப் பார்த்தார். "கூப்புடற வரைக்கும் லாரியிலயே குந்திகினு இருக்கறது. எழுதிக்கடா. கூப்புடவும் மாட்டான், வூட்டுக்கும் அனுப்ப மாட்டான்."

உள்ளேயிருந்து சிரித்தார்கள். மாமா ஏதோ பெரிய விஷயம் கிடைத்த மாதிரி தலையை ஆட்டிக்கொண்டே நடந்தார். இன்னும் கொஞ்ச தூரத்தில் ஒருவர் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பெட்ரோல் பங்க் எல்லாம் மூடிவிட்டார்கள், ரிசர்வில் இவ்வளவு தூரம் வந்தது, அதுவும் தீர்ந்துவிட்டது என்று அவராகவே வந்து புலம்பினார். மாமா என் தோளைத் தட்டினார். "கேட்டியா? ரிசர்வுன்னா அடியில இருக்கற பெட்ரோலு."

காடு, லாரி, பெட்ரோல். கள்ளக்குறிச்சித் தலைமை ஆசிரியர் முன்னால் நின்று இதைச் சொல்வதை நினைத்துப் பார்த்தேன். அழுகை வரும்போல இருந்தது. ரோட்டில் கிடந்த கல்லை உதைத்தேன். செருப்பில்லாத கால், வலித்தது. அதற்கும் மாமா மேல்தான் கோபம் வந்தது.

எங்கள் ஊர் மலைக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவில், இதே ரோட்டின் மேல் இருக்கிறது. பொழுது சாயும் நேரத்தில் ஊர் எல்லைக்கு வந்தபோது ரோட்டின் குறுக்கே ஒரு பெரிய புளியமரம் கிடந்தது. அதன் மேலும் அதைச் சுற்றியும் எங்கள் ஊர் ஆண்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். மரத்துக்கு அந்தப் பக்கம் கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்குக் கிளம்பிய பஸ் ஒன்று நின்றது. அதற்குப் பின்னால் அடுத்த ஊர்க்காரர்களும் ஒரு மரத்தைச் சாய்த்துவிட்டதால் முந்தின நாளிலிருந்து அது முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல் நின்றது. பிரயாணிகள் வேப்பமர நிழலில் துண்டு விரித்துப் படுத்திருந்தார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் அவர்களுக்குக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

அம்மாவும் அங்கேதான் இருந்தாள். கூழ் ஊற்றவில்லை. நாட்டாமை முன்னால் நின்று வாதாடிக்கொண்டிருந்தாள்.

எங்கள் ஊரில் திருவிழா வரி, கிணறு தூர் வாருவது, ஏரிக்கரை மண் போடுவது எல்லாமே தலைக்கட்டுக் கணக்குதான். ஆண் இருக்கிற வீடு முழுத் தலைக்கட்டு. புருஷனை இழந்தவள் வீடு அரைத் தலைக்கட்டு, அதற்குப் பாதி வரி. இதை எங்கள் ஊர் ஒரு சலுகையாக நினைத்துக்கொண்டிருந்தது. மறியலுக்கும் அதே கணக்கைப் போட்டுவிட்டார்கள். தலைக்கட்டுக்கு ஓர் ஆள் வந்து ரோட்டில் உட்கார வேண்டும். வராத வீட்டை ஊர் தள்ளிவைக்கும், கிணற்றில் தண்ணீர் முறையும் கிடையாது. எல்லா வீட்டுக்கும் ஆள் வந்துவிட்டது. எங்கள் வீடு மட்டும் பாக்கி.

மாமா மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, எங்கள் அக்கா வீட்டுக்காக நான் உட்காருகிறேன் என்றார்.

"நீ வெள்ளிமலை தலக்கட்டுப்பா," என்றார் நாட்டாமை. "மச்சானுக்கு மச்சான் குந்தலாம்னா, எல்லாரும் மச்சான அனுப்பிட்டு வூட்ல படுத்துக்குவாங்க."

"அப்ப இன்னாதாங்க பண்றது?"

"உங்கக்கா வூடு அர தலக்கட்டு. நாங்க முழு ஆளு கேக்கலியே. அர ஆளு குடுங்க போதும்."

"அர ஆளுக்கு நா எங்க போவேன்? இடுப்புக்கு மேல அனுப்பட்டுமா, கீழ அனுப்பட்டுமா?"

மரத்தின் மேலிருந்து ஒரு குரல் வந்தது: "குந்தறதுக்குத்தான மாமு, கீழ அனுப்பு."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நாட்டாமையின் கண் என் மேல் விழுந்துவிட்டது. அரைத் தலைக்கட்டு வீட்டில் ஒரு பையன். பையன் என்றால் அரை ஆள். கணக்கு இதைவிடக் கச்சிதமாகப் பொருந்தாது. அவர் முகத்தில் நிஜமாகவே ஒரு சந்தோஷம் தெரிந்தது.

அம்மா விடவில்லை. "அவனுக்கு நாளைக்கு காத்தால கள்ளக்குறிச்சில பரீட்ச அண்ணே. இஸ்கோல்ல எடம்."

"எதுக்கும்மா போறான்? படிப்புக்கு. நாங்க எதுக்கு குந்திகினு இருக்கறோம்? அவன் படிப்புக்குத்தான்."

இதற்குப் பதில் சொல்ல இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அம்மா கணக்குக்குப் போய்விட்டாள். அதில் அவள் கெட்டிக்காரி. அரை வரி கட்டுகிற வீட்டுக்கு அரை நாள்தானே, அந்த அரை நாளை மத்தியானத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், காலையில் பையனை விட்டுவிடுங்கள் என்றாள். அரை ஆள் என்றால் முழு நாள் உட்கார வேண்டும், முழு ஆள் என்றால்தான் அரை நாள் என்று மரத்தின் மேலிருந்து இன்னொருவர் சட்டம் பேசினார். மாமா அவரைப் பார்த்து, உனக்குப் புள்ள இருந்தா இப்படிப் பேசுவியா என்று ஆரம்பித்தார். அவருக்கு நான்கு பிள்ளைகள் இருந்தார்கள். ஒரு வழியாக அரை நாள் என்று முடிவானது. ஆனால் அது காலை நேரம்.

"சாய்ங்காலம் போலீசு வந்தாலும் வரும்," என்றார் நாட்டாமை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அங்கங்க சுட்டுட்டான்னு ரேடியோவுல சொல்றான். அந்நேரத்துல இந்தப் புள்ளய இங்க குந்த வெக்க எனக்கு மனசு வராதும்மா. காத்தால குந்தட்டும். வெயிலு உச்சிக்கு வந்ததும் நானே எழுப்பி அனுப்பிடறேன்."

அவர் கெட்டவராக இருந்திருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் மாமா ஒரு வழி சொன்னார். விடிவதற்கு முன்னால் கரும்புத் தோட்டத்து வழியாக என்னை இழுத்துக்கொண்டு போய்விடுவதாகவும், யாருக்கும் தெரியாது என்றும் சொன்னார். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே பதில் சொன்னாள். "நீ மலைக்குப் போயிடுவ. அவன் ஆஸ்டல்ல குந்திக்குவான். நாந்தான இவங்க மூஞ்சில முழிச்சிகினு கெடக்கணும். தண்ணி வுடலன்னா அந்தத் துண்டு நெலமும் போச்சி." பிறகு கொஞ்ச நேரம் கழித்து, வாத்தியாருங்க இரக்கமுள்ளவங்க, கொஞ்சம் தாமதமானா காத்திருக்க மாட்டாங்களா என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, அடுப்பைப் பார்த்துத்தான் சொன்னாள்.

காலையில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போய்ப் புளியமரத்தின் மேல் உட்கார்ந்தேன். எனக்கு இடப்பக்கம் இருந்தவரிடம் ரிசர்வேஷன் என்றால் என்ன என்று கேட்டேன். வேலை என்றார். வலப்பக்கம் இருந்தவர், வேலை இல்லை, படிப்பு என்றார். இரண்டு பேருக்கும் அதிலேயே வாக்குவாதம் வந்தது. எங்கிருந்து வந்த வார்த்தை என்று கேட்டேன். பேசாம குந்துடா என்றார்கள். அதில் இருவரும் ஒத்துப்போனார்கள்.

பஸ்ஸில் வந்த ஒரு கன்னியாஸ்திரி மட்டும் நிழலில் உட்காராமல் வெயிலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். மலையில் ஓர் ஆஸ்பத்திரி நடத்துகிறவர். வயதானவர், கட்டை குட்டையான உடம்பு. குழந்தைகளுக்குப் போடுகிற தடுப்பு மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகக் கிளம்பி இங்கே மாட்டிக்கொண்டார். ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. பெட்டியின் மேல் ஈரச் சாக்கைப் போர்த்தி, அரை மணிக்கொரு தரம் தண்ணீர் தெளித்து, ஒவ்வொரு முறையும் நாட்டாமையிடம் போய்த் திட்டிவிட்டு வந்தார். ஊரார் அவர் திட்டுவதைப் பணிவாகக் கேட்டுக்கொண்டார்கள், சாக்கு நனைக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள், மரத்தை மட்டும் எடுக்கவில்லை.

மாமா அவரையும் விடவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "சிஸ்டருங்களே, இங்கிலீசுல ஒரு டவுட்டுங்க."

"இப்பவா?" என்றார் அவர். பிறகு மரத்தின் மேல் சட்டையும் எண்ணெய் வைத்த தலையுமாக உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். மாமா விஷயத்தைச் சொன்னார். பத்து மணிக்குப் பள்ளியில் இருக்க வேண்டிய பையன் என்று கேட்டதும் அவர் நாட்டாமையைப் பார்த்த பார்வையில் அந்த மரமே நகர்ந்திருக்க வேண்டும். நகரவில்லை.

"லத்தீன்," என்றார். "எங்களுக்குச் சின்ன வயசுல பூசை முழுக்க லத்தீன்தான். கேளு. 'சேர்வாரே'ன்னா காப்பாத்தி வெக்கிறது. முன்னால 'ரே' சேர்த்தா பின்னுக்கு. எல்லாத்தையும் இப்பவே தீத்துடாம, பின்னால வேணும்னு தனியா எடுத்துக் காப்பாத்தி வெக்கிறது. காட்ட அப்படி வெச்சா அது ரிசர்வ். போலீச வெச்சா ரிசர்வ். புரிஞ்சுதா?"

"பெட்ரோலு?" என்றார் மாமா.

"அதுவும்."

மாமா என்னைப் பார்த்தார். நான் சொன்னதில் எது தப்பு என்று கேட்கிற முகம். எனக்கு இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. வீட்டில் என்ன எடுத்து வைக்கிறோம் என்று யோசித்தேன். "கரும்பு வெட்டப் போனா அம்மா வர்றதுக்குப் பொழுது போயிடும். அதுக்குள்ள நா பசின்னு எல்லாத்தயும் துன்னுடக் கூடாதுன்னு ஒரு சட்டில அவங்களுக்குக் கூழு தனியா மூடி வெப்பாங்க. அதுவா?"

கன்னியாஸ்திரி முதல் முறையாக நின்றார். "அதேதான். லேட்டா வர்றவங்களுக்கு எடுத்து வெக்கிறது. உங்க ஆளுங்க கேக்குறதும் அதுதான். இத அப்படியே சொல்லு. இப்ப பெட்டிக்குத் தண்ணி கொண்டா."

நான் இறங்கப் போனேன். அரை ஆள் இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று இடப்பக்கத்துக்காரர் பிடித்து உட்கார வைத்தார். மாமா போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

உச்சி வெயில் வந்ததும் நாட்டாமை சொன்ன சொல் தவறாமல் என்னை எழுப்பினார். என் தலையைத் தடவி, நல்லா படி என்று சொல்லி, ஒரு வாழைப்பழமும் கொடுத்தார். நானும் மாமாவும் ஓடினோம். பாதி ஓட்டம், பாதி நடை. வழியில் இரண்டு ஊர்களில் மறித்தார்கள். இரண்டு இடத்திலும் மாமா, பையன் காலையெல்லாம் மறியலில் உட்கார்ந்துவிட்டுத்தான் வருகிறான் என்று கத்தினார். வழி விட்டார்கள். ஓர் இடத்தில் கைகூடத் தட்டினார்கள். நான் அந்த வார்த்தையை வாய்க்குள் உருட்டிக்கொண்டே ஓடினேன். காடு, போலீஸ், பெட்ரோல், கூழ், சேர்வாரே. எல்லாம் ஒரே கயிற்றில் கோத்த மாதிரி வரிசையாக வந்தன.

பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். தலைமை ஆசிரியர் தன் அறையில் தனியாக உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். ஒல்லியான, களைத்துப்போன மனிதர். யார் என்று கேட்டார், மாமா சொன்னார். மணியைப் பார்த்தார்.

"பத்து மணிக்குன்னு சொல்லியிருந்தமே. இன்னொரு பையன் வந்தான், சேத்தாச்சு. பக்கத்துத் தெருதான் அவன்."

"ரோட்ல மறிச்சிட்டாங்கோ சார்."

"மறிச்சாங்களா?"

"இவனும்தாங்க மறிச்சான்," என்றார் மாமா. வேறு எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. தலைக்கட்டு, அரைத் தலைக்கட்டு, அரை நாள் எல்லாவற்றையும் விளக்க ஆரம்பித்தார். தலைமை ஆசிரியர் கையை உயர்த்தி நிறுத்தினார். அவருக்குக் கோபமில்லை. என்னைக் கிட்டே கூப்பிட்டார். எதற்காக உட்கார்ந்தாய் என்று கேட்டார். ரிசர்வேஷனுக்காக என்றேன்.

"அப்படின்னா?"

அந்த ஒரு கேள்விக்காக மலைவரை ஏறி இறங்கியவன் நான். கைகட்டி, கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தேன். லத்தீன் என்றேன். ரே என்றால் பின்னுக்கு, சேர்வாரே என்றால் காப்பாற்றி வைப்பது என்றேன். காட்டைச் சொன்னேன், லாரியில் தூங்கிய போலீஸைச் சொன்னேன், பெட்ரோலையும் மாமாவுக்காகச் சேர்த்துக்கொண்டேன். கடைசியாக, "லேட்டா வர்றவங்களுக்குன்னு தனியா எடுத்து வெக்கிறது சார்," என்று முடித்தேன்.

கண்ணைத் திறந்தபோது அவர் மோர் டம்ளரைக் கீழே வைத்திருந்தார்.

"வெரிகுட்," என்றார். "இவ்வளவு நல்லா எங்கிட்ட யாரும் சொன்னதில்ல."

மாமா முன்னால் வந்தார். "அந்தப் பையங்கிட்டயும் இதாங்க கேட்டீங்க?"

"இல்ல. அவங்கிட்ட பென்சில்னு கேட்டேன்."

"பென்சிலா?"

"லத்தீன்தான் அதுவும். சின்ன வால்னு அர்த்தம்."

"வாலா!" என்றார் மாமா. அவர் போட்ட சத்தத்தில் அறைக்கு வெளியே இருந்த காக்கை பறந்தது. "வாலுங்களா சார்? சொன்னானா அவன்?"

"சொல்லல," என்றார் தலைமை ஆசிரியர். "ஆனா பத்து மணிக்கு அவன் ஒருத்தன்தான வந்தான். நான் என்ன பண்ணட்டும்?" பிறகு என் பக்கம் திரும்பினார். என் தோளில் கையை வைத்தார். "அடுத்து ஓர் இடம் காலியாகட்டும். உனக்குன்னு எடுத்து வெக்கிறேன். போய்ட்டு வா."

வெளியே வந்ததும் மாமா பள்ளிச் சுவரோரம் குந்திவிட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஓடிவந்த வியர்வை என்று நினைத்தேன். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துக்கொண்டிருந்தது. வெரிகுட் என்றாரே, யாரும் இவ்வளவு நன்றாகச் சொன்னதில்லை என்றாரே! மாமா, எனக்கு இடம் எடுத்து வைத்துவிட்டார், எப்போது வந்து சேருவது என்று கேட்டேன். மாமா எழுந்து நடந்தார். நான் இரண்டாம் முறை கேட்டதற்கு, "மூடிகினு வாடா," என்றார். மாமா அப்படி என்னிடம் பேசியதே கிடையாது. தலைமை ஆசிரியர் தன்னிடம் கேட்காமல் என்னிடம் கேட்டது அவருக்குப் பொறாமை என்று முடிவு செய்துகொண்டேன்.

நாங்கள் கேட்ட ஒதுக்கீடு அப்புறம் வந்தது. கேட்டது நியாயம், கொடுத்ததும் நியாயம். எங்கள் ஊர்ப் பையன்கள் சிலர் அதில் படித்து ஆபீசர்களாக இருக்கிறார்கள். நாட்டாமையின் பேரன் ஒருவன் தாலுகா ஆபீசில் இருக்கிறான், போனால் நாற்காலி போடுகிறான். நான் அதற்குள் போர்வெல் லாரியில் ஏறி, பெல்லாரி, நாக்பூர் என்று போய்விட்டிருந்தேன். ஏழாம் வகுப்பை முடிக்காதவனுக்கு எந்தப் பட்டியலிலும் வேலை இல்லை. இதில் யாரைக் குறை சொல்வது என்று பல ஊர்களில், பல லாரிகளின் மேல் படுத்துக்கொண்டு யோசித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் யாரையாவது பிடித்துவிடலாம் என்று தோன்றும். கடைசியில் கையில் ஒருவரும் சிக்க மாட்டார்கள். அந்த எரிச்சல்தான் மிச்சம்.

அன்றைக்குச் சாயங்காலம் கடைத்தெரு வழியாக வந்தபோது, ஒரு வாடகை சைக்கிள் கடையில் கூட்டம் நெருக்கியடித்தது. பஸ் ஓடாததால் ஊரே சைக்கிளுக்கு வந்துவிட்டது. ரோடெல்லாம் கண்ணாடியும் ஆணியும் கிடந்ததால் போன சைக்கிள் எல்லாம் பஞ்சராகித் திரும்பி வந்தன. கடைக்காரர் ஒரு பாய். கையில் ஒரு ட்யூப், தோளில் ஒரு ட்யூப், வாயில் வால்வு ரப்பர். ஒத்தாசைக்கு இருந்தவன் மறியலுக்குப் போய்விட்டான் என்று யாரிடமோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். மாமா நின்றார். என்னைப் பார்த்தார். அவரிடம் போய் ஏதோ தணிந்த குரலில் பேசினார்.

"சாப்பாடு போட்டுருவேன்," என்றார் பாய். "பஸ்ஸு வுடற வரைக்கும் இருக்கட்டும். அப்பால பாத்துக்கலாம்."

மாமா ஊருக்குத் திரும்பி நடந்தார். அம்மாவிடம் அவர் என்ன சொன்னார், எப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை பாய் என் முன்னால் ஓர் அகலமான தகரத் தொட்டியில் தண்ணீர் ஊற்றி வைத்தார். காற்றடித்த ட்யூபைக் கொஞ்சம் கொஞ்சமாக முக்கி, குமிழி வருகிற இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்ததும் விரலை அங்கே வைத்துக்கொண்டு கூப்பிட வேண்டும். சுலபமான வேலை. சீக்கிரமே பிடிபட்டது. பாய் நாஷ்டாவுக்கு இரண்டு பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தார். இது நாலு நாள் வேலைதான், அதற்குள் ஆள் வந்துவிடும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அதனால்தான் நல்ல சட்டையை அழுக்காக்காமல் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெறும் உடம்போடு உட்கார்ந்தேன். கடைவாசலில் யாருடைய நிழல் விழுந்தாலும், குமிழி மேல் வைத்த விரலை எடுக்காமல், தலையை மட்டும் உயர்த்திப் பார்த்தேன், பள்ளிக்கூடத்திலிருந்து என்னைக் கூப்பிட வந்திருக்கிறார்களா என்று.